ரீட்-ஒன்லி என்று அடம்பிடிக்கும் ஆவணங்கள்: கணினி கேள்வி–பதில்

'கோப்பு திறக்கிறது, ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை' என்ற ஒரே புகார் பல வடிவங்களில் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. இனி கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜன்னலின் உச்சியில் உள்ள டைட்டில் பாரில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, பொத்தான்கள் இருக்கும் ரிப்பனுக்குக் கீழே வந்த பட்டை மஞ்சளா சிவப்பா, பெட்டியில் வந்த வாசகம் என்ன என்பதை அப்படியே எழுதுங்கள். பூட்டு யார் போட்டது என்பது பெரும்பாலும் அந்த வாசகத்திலேயே தெரிந்துவிடும். வேர்டு போட்டதா, விண்டோஸ் போட்டதா, சர்வர் போட்டதா, உரிமம் தீர்ந்ததா என்று தெரியாமல் கைவைத்தால் நேரம்தான் வீணாகும்.

கேள்வி: அலுவலகப் பொது ஃபோல்டரில் உள்ள ஒரு வேர்டு கோப்பைத் திறந்தால், 'லாக்டு ஃபார் எடிட்டிங்' என்று வருகிறது. யார் திறந்திருக்கிறார் என்ற இடத்தில் என் பெயரே இருக்கிறது! கணினியை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன்.

வேர்டு ஒரு கோப்பைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் சின்னஞ்சிறு மறைகோப்பு ஒன்றை உருவாக்கும். திறந்தவரின் பெயர் அதற்குள் இருக்கும். வேர்டை முறையாக மூடினால் அது தானே அழிந்துவிடும். மின்சாரம் போனாலோ, வேர்டு உறைந்து நின்றாலோ, நெட்வொர்க் இடையில் அறுந்தாலோ அந்த மறைகோப்பு அனாதையாக அங்கேயே கிடக்கும். அடுத்த முறை திறக்கும்போது வேர்டு அதைப் பார்த்துவிட்டு, 'ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்' என்று முடிவுகட்டுகிறது. கணினியை அணைத்துப் போட்டாலும் சர்வரில் கிடக்கும் கோப்பு அழியாது. உங்கள் பெயரே வருவதற்கும் அதுதான் காரணம்.

முதலில் திறந்திருக்கும் வேர்டு ஜன்னல்களையெல்லாம் சேமித்து மூடுங்கள். அவுட்லுக்கையும் மூடிவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'டீடெய்ல்ஸ்' பகுதியில் வின்வேர்டு என்ற பெயர் இன்னும் தெரிந்தால், அதைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். பிறகு அந்த ஃபோல்டருக்குப் போய் மறைகோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 11-இல் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்ற வழி. விண்டோஸ் 10-இல் 'வியூ' பட்டையிலேயே அந்த டிக் பெட்டி இருக்கும். பெயர் நீளமாக இருந்தால் வேர்டு அதன் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ~$ போடும். ஆகவே பெயரின் மீதிப் பகுதியைப் பார்த்து அடையாளம் காணுங்கள். எக்செல் முழுப் பெயரையும் வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் ~$ சேர்க்கும். அந்த மறைகோப்பை மட்டும் அழித்துவிட்டு ஆவணத்தைத் திறந்து பாருங்கள்.

அழிக்கப்போனால் 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுக்கிறதா? அப்படியானால் பூட்டு உயிரோடுதான் இருக்கிறது. வேறொரு கணினியில் யாரோ உண்மையாகவே திறந்து வைத்திருக்கலாம். இல்லையென்றால், சர்வர் பழைய இணைப்பை இன்னும் விடாமல் பிடித்திருக்கலாம். விண்டோஸ் சர்வர் என்றால் நிர்வாகி 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' திறந்து 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' கீழே 'ஓபன் ஃபைல்ஸ்' பார்க்க வேண்டும். எந்தப் பயனர் கணக்கு எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று அங்கே தெரியும். வலது கிளிக் செய்து மூடிவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் நிஜமாகவே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் அவர் சேமிக்காத வேலை போய்விடும். முதலில் கேட்டுவிட்டு மூடச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆசாமியையும் சந்தேகப்படலாம்: ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்க முன்னோட்டப் பலகை. கோப்பின் மேல் ஒருமுறை கிளிக் செய்தாலே அது கோப்பைத் திறந்து காட்டும். சில சமயம் காட்டிய பிறகும் விடாது. ஆல்ட்டோடு பி எழுத்தை அழுத்தினால் அந்தப் பலகை மூடும்.

எல்லாக் கணினியிலும் 'யூசர்' அல்லது 'அட்மின்' என்றே பெயர் வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்தச் செய்தி வந்தால் யாரைப் போய்க் கேட்பது? வேர்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ஜெனரல்' போய் 'யூசர் நேம்' பெட்டியில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பிரிவையும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

கேள்வி: ரீட்-ஒன்லி என்று வந்தால் நான் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமித்து வேலையை முடித்துவிடுகிறேன். இதில் என்ன தவறு?

உங்கள் சொந்தக் கோப்பு என்றால் ஒரு தவறும் இல்லை. நான்கு பேர் எழுதும் கணக்குப் பட்டியல் என்றால் அன்று மாலையே 'பட்டியல் 2', 'பட்டியல் புதியது', 'பட்டியல் இறுதி' என்று மூன்று பிரதிகள் இருக்கும். எதில் எந்தத் தொகை சரி என்று யாருக்கும் தெரியாது. 'லாக்டு ஃபார் எடிட்டிங்' என்று வரும் பெட்டியில் 'நோட்டிஃபை' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மற்றவர் மூடியதும் உங்களுக்குத் தகவல் வரும். காத்திருப்பதே நல்லது.

ஒரே நேரத்தில் பலர் எழுதியே ஆகவேண்டும் என்றால் பொது ஃபோல்டர் அதற்கான இடமல்ல. கோப்பை மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ வைத்து, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் போன்ற புதிய வடிவத்தில் சேமித்து, 'ஆட்டோசேவ்' போட்டால் எல்லோரும் ஒன்றாக எழுதலாம். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் அது நடக்காது. எக்செல்லில் இன்னும் கிடக்கும் பழைய 'ஷேர்டு வொர்க்புக்' வசதியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதில் அட்டவணைகள் வேலை செய்யாது, பல கட்டளைகள் முடங்கும், கோப்பும் ஊதிப்போகும்.

கேள்வி: மின்னஞ்சலில் வரும் கோப்பு ஒவ்வொன்றும் மஞ்சள் பட்டையோடு 'ப்ரொடெக்டட் வியூ'வில் திறக்கிறது. இதை நிரந்தரமாக நிறுத்துவது எப்படி?

நிறுத்தும் இடத்தைச் சொல்லிவிடலாம், ஆனால் நிறுத்தாதீர்கள். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டிரஸ்ட் சென்டர்', 'டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்', 'ப்ரொடெக்டட் வியூ' என்று போனால் மூன்று டிக் பெட்டிகள் இருக்கும்: இணையத்திலிருந்து வந்தவை, பாதுகாப்பற்ற இடங்களில் இருப்பவை, அவுட்லுக் இணைப்புகள். தீங்கு நிரல் ஒளித்த ஆவணம் கணினியைத் தொடாமல் தடுக்கும் முதல் வேலி இதுதான்.

நடப்பது இது: இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ கோப்பு இறங்கும்போது, 'வெளியிலிருந்து வந்தது' என்ற குறிப்பை விண்டோஸ் அதன் முதுகில் ஒட்டுகிறது. வேர்டும் எக்செல்லும் அதைப் பார்த்துத்தான் பட்டையைக் காட்டுகின்றன. அனுப்பியவர் தெரிந்தவர், கோப்பும் எதிர்பார்த்ததுதான் என்றால் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்துங்கள். அந்தக் கோப்புக்கு அத்தோடு முடிந்தது. திறக்காமலே குறிப்பை நீக்க, கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்ற டிக் பெட்டி இருக்கும். ஐம்பது கோப்புகள் ஒரு ஜிப்பில் வந்தால், பிரிப்பதற்கு முன்பே அந்த ஜிப்புக்கு 'அன்பிளாக்' கொடுத்துவிடுங்கள். விண்டோஸே பிரிக்கும்போது ஜிப்பின் குறிப்பு உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தொற்றும். பிரித்த பிறகு செய்தால் ஐம்பது முறை செய்ய வேண்டும்.

அவுட்லுக்கிலிருந்து நேராகத் திறந்த இணைப்பில் திருத்தம் செய்யாதீர்கள். அது ஆழத்தில் இருக்கும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் திறக்கிறது. அங்கே சேமித்ததைப் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. முதலில் உங்கள் ஃபோல்டரில் சேமியுங்கள், பிறகு திறங்கள்.

சிலருக்கு அலுவலகச் சர்வரில் உள்ள கோப்புக்கும் இந்தப் பட்டை வருவது ஏன் என்று புரிவதில்லை. சர்வரை 192.168 என்று தொடங்கும் எண் முகவரியால் இணைத்திருக்கிறீர்களா பாருங்கள். புள்ளி வைத்த முகவரியை விண்டோஸ் இணையம் என்று கணக்கிடும். சர்வரின் பெயரால் இணைத்தால் பட்டை போய்விடும். பெயரால் இணைக்க வழியில்லை என்றால் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்', 'செக்யூரிட்டி', 'லோக்கல் இன்ட்ராநெட்', 'சைட்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய் அந்த முகவரியைச் சேர்க்கலாம்.

'ப்ரொடெக்டட் வியூ' பட்டை சிவப்பாக இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் கோப்பின் கட்டமைப்பிலேயே கோளாறு என்று பொருள். அனுப்பியவரிடம் வேறு பிரதி கேளுங்கள்.

கேள்வி: எந்தக் கோப்பைத் திறந்தாலும் மேலே உள்ள பொத்தான்கள் எல்லாம் சாம்பல் நிறம். தட்டச்சே ஆகவில்லை.

'எந்தக் கோப்பைத் திறந்தாலும்' என்று எழுதியிருப்பதால் கோப்பின் மேல் பழி இல்லை. புதிய வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதிலும் எழுத முடியாவிட்டால் உரிமம்தான் காரணம். சந்தா முடிந்தாலோ, ஆக்டிவேட் ஆகாமல் இருந்தாலோ ஆஃபீஸ் மென்பொருள் பார்க்கவும் அச்சிடவும் மட்டுமே விடும். டைட்டில் பாரில் 'அன்லைசென்ஸ்டு ப்ராடக்ட்' என்று இருக்கும். 'ஃபைல்', 'அக்கவுன்ட்' போய் எந்த மின்னஞ்சலில் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சந்தா ஒரு முகவரியில், உள்நுழைவு வேறொரு முகவரியில் என்பது மிகச் சாதாரணமாக நடப்பது. கணினியோடு வந்த சோதனைப் பதிப்பும் வாங்கிய பதிப்பும் ஒன்றாக இருந்தால், சோதனைப் பதிப்பை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கணினியின் தேதி தவறாக இருந்தாலும் ஆக்டிவேஷன் நடக்காது.

மின்னஞ்சல் இணைப்பு மட்டும் புத்தகம் மாதிரி இரண்டு பக்கமாகத் திறந்து எழுத விடவில்லை என்றால் அது வெறும் படிக்கும் தோற்றம். 'வியூ', 'எடிட் டாக்குமென்ட்' கொடுங்கள். 'ஆப்ஷன்ஸ்', 'ஜெனரல்' பக்கத்தின் அடியில், இணைப்புகளைப் படிக்கும் தோற்றத்தில் திற என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எக்செல் கோப்பு பாஸ்வேர்டு கேட்கிறது. தெரியாவிட்டால் 'ரீட்-ஒன்லி' பொத்தானை அழுத்தச் சொல்கிறது. பாஸ்வேர்டு வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எக்செல்லில் பாஸ்வேர்டு முக்கியமாக மூன்று இடங்களில் வைக்கலாம். மூன்றும் ஒன்றல்ல.

நீங்கள் பார்ப்பது மாற்றுவதற்கான பாஸ்வேர்டு. 'ரீட்-ஒன்லி' என்ற வழி இருப்பதே அதற்கு அடையாளம். இது கோப்பை மறையாக்கம் செய்வதில்லை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவதில்லை. மூலக்கோப்பின் மேல் எழுதாமல் தடுக்கும், அவ்வளவுதான். 'ரீட்-ஒன்லி' கொடுத்துத் திறங்கள். எஃப் 12 அழுத்தினால் 'சேவ் ஆஸ்' பெட்டி வரும். 'சேவ்' பொத்தானுக்குப் பக்கத்தில் 'டூல்ஸ்', அதில் 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்'. மாற்றுவதற்கான பாஸ்வேர்டுப் பெட்டியில் புள்ளிகளோ நட்சத்திரங்களோ தெரிந்தால் அழித்துவிடுங்கள். 'ரீட்-ஒன்லி ரெகமெண்டட்' டிக் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு வேறு பெயரில் சேமியுங்கள். பொறுப்பில் இருப்பவரின் சம்மதத்தோடு செய்யுங்கள். பூட்டு வேண்டுமென்றே போடப்பட்டதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, தாள் பாதுகாப்பு. கோப்பு திறக்கும், சில கட்டங்களில் மட்டும் எழுத விடாது. 'ரிவ்யூ', 'அன்ப்ரொடெக்ட் ஷீட்' போய்ப் பாருங்கள். பலர் பாஸ்வேர்டு வைக்காமலே இதைப் போட்டிருப்பார்கள், ஒரே கிளிக்கில் போய்விடும். எக்செல்லில் எல்லாக் கட்டங்களும் பிறவியிலேயே 'லாக்டு' என்ற குறியோடுதான் வருகின்றன. தாளைப் பாதுகாக்கும்போதுதான் அந்தக் குறி வேலை செய்யும். ஆகவே சிலர் நிரப்ப வேண்டிய படிவத்தைத் தயாரிப்பவர்கள், நிரப்பும் கட்டங்களுக்கு 'ஃபார்மட் செல்ஸ்', 'ப்ரொடெக்‌ஷன்' பக்கத்தில் அந்த டிக்கை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு தாளைப் பூட்ட வேண்டும். இதை மறப்பதால்தான் 'எதிலும் எழுத முடியவில்லை' என்று தொலைபேசி வருகிறது.

மூன்றாவது, திறப்பதற்கான பாஸ்வேர்டு. இதில் மட்டும் கோப்பு முழுக்க மறையாக்கம் செய்யப்படுகிறது. மறந்தால் தயாரித்த நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. பழைய பேக்கப் இருக்கிறதா என்று தேடுவதே வழி. 'ஒரு நிமிடத்தில் பூட்டை உடைத்துத் தருகிறோம்' என்னும் இணையதளங்களில் ஏற்றினால், அலுவலகக் கணக்கு முழுவதையும் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்ததாகும்.

வேர்டில் 'மார்க்டு ஆஸ் ஃபைனல்' என்ற மஞ்சள் பட்டை வந்தால் கவலையே வேண்டாம். பட்டையில் இருக்கும் 'எடிட் எனிவே' அழுத்துங்கள். அது பூட்டு இல்லை, 'இனி தொடாதீர்கள்' என்ற வேண்டுகோள் மட்டும்.

கேள்வி: ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'ரீட்-ஒன்லி' கட்டத்தை எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வந்து நிற்கிறது.

அதை விட்டுவிடுங்கள். ஃபோல்டருக்கு அந்தக் கட்டத்தில் தெரியும் நிரப்பிய சதுரத்துக்கும் உங்கள் கோப்புகளுக்கும் சம்பந்தமில்லை. தனிக் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் டிக் இருந்தால் மட்டுமே அது நிஜம்.

கேள்வி: பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கைப் புதியதில் இணைத்தேன். கோப்புகள் திறக்கின்றன, தட்டச்சும் ஆகிறது. சேமிக்கும்போது அனுமதி இல்லை என்கிறது.

அந்தக் கோப்புகளின் உரிமையாளர் பழைய கணினியின் பயனர் கணக்கு. இரண்டிலும் ஒரே பெயர் வைத்திருந்தாலும், விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே இருக்கும் நீண்ட அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது.

எளிய வழி, கோப்புகளைப் புதிய கணினியின் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்கு நகலெடுப்பது. நகலெடுத்த கோப்பு சேரும் ஃபோல்டரின் அனுமதியை ஏற்றுக்கொள்ளும். அதே டிரைவுக்குள் வெட்டி ஒட்டினால் பழைய அனுமதி கூடவே வரும், ஆகவே அது உதவாது. நகலெடுக்க இடமில்லை என்றால் ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' போய் 'ஓனர்' வரியில் 'சேஞ்ச்' கொடுத்து உங்கள் கணக்கைப் போடுங்கள். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி டிக் செய்து, பிறகு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். இதை உங்கள் தரவு ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டரிலோ சி டிரைவ் முழுமைக்குமோ செய்யவே கூடாது.

இதே அறிகுறி 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில், ஒரு மென்பொருளுக்கு மட்டும் வந்தால் காரணம் வேறு. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்' கீழே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் அதை அணைக்க வேண்டாம். அந்த மென்பொருளை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

கேள்வி: லிப்ரெ ஆஃபீஸ் ரைட்டரில் ஆவணம் முழுக்கத் திருத்த முடிகிறது. பொருளடக்கப் பக்கத்தில் மட்டும் விரல் வைத்தாலே மாற்ற முடியாது என்று பெட்டி வருகிறது.

பொருளடக்கத்தை ரைட்டர் தானே உருவாக்குகிறது. அதில் கையால் திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அழிந்துவிடும் என்பதால் பூட்டி வைக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் உள்ளே உள்ள தலைப்பைத் திருத்திவிட்டு, பொருளடக்கத்தில் வலது கிளிக் செய்து 'அப்டேட் இண்டெக்ஸ்' கொடுங்கள். கையால்தான் திருத்துவேன் என்றால் 'எடிட் இண்டெக்ஸ்' போய், கைத்திருத்தத்திலிருந்து பாதுகாக்கும் டிக்கை எடுங்கள். வேறு பத்திகளில் இதே பெட்டி வந்தால் 'ஃபார்மட்' மெனுவில் 'செக்‌ஷன்ஸ்' பாருங்கள். அட்டவணைக்குள் என்றால் 'டேபிள்' மெனுவில் கட்டங்களின் பாதுகாப்பை நீக்கும் கட்டளை இருக்கிறது.

ஆவணம் முழுவதுமே ரீட்-ஒன்லி என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் அழுத்திப் பாருங்கள். இது 'எடிட் மோட்' விசை, தெரியாமல் கை பட்டிருக்கலாம். 'ஃபைல்', 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி' பக்கத்தில் ரீட்-ஒன்லியாகத் திறக்கச் சொல்லும் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேர்டின் ~$ கோப்புக்கு இங்கே இணையானது .~lock என்று தொடங்கி # குறியில் முடியும் கோப்பு. மென்பொருளை முழுதாக மூடிய பிறகும் அது கிடந்தால் அழிக்கலாம்.

கேள்வி: ஒன்டிரைவில் நேற்றுவரை எழுதிய கோப்பு இன்று திடீரென்று ரீட்-ஒன்லி.

முதலில் இடம் தீர்ந்துவிட்டதா பாருங்கள். இலவசக் கணக்குக்கு 5 ஜிபி. அதைத் தாண்டினால் கோப்புகளைப் பார்க்கவும் இறக்கவும் அழிக்கவும் முடியும், திருத்த முடியாது. கூகுள் கணக்கிலும் இதே கதைதான். அங்கே 15 ஜிபியை மின்னஞ்சலும் படங்களும் டிரைவும் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே குப்பைத்தொட்டியில் உள்ளவையும் கணக்கில் வரும், அதைக் காலி செய்யுங்கள். இடம் இருக்கிறது என்றால், பகிர்ந்தவர் உங்கள் அனுமதியைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றியிருக்கலாம், அல்லது நீங்கள் வேறு கணக்கில் உள்நுழைந்திருக்கலாம்.

கேள்வி: விண்டோஸில் எழுத முடிகிற பென் டிரைவ், மேக்கில் ரீட்-ஒன்லி. நண்பரின் லினக்ஸிலும் அப்படியே.

மேக்கில் காரணம், டிரைவ் ஃபார்மட் செய்யப்பட்ட வடிவம். டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் மேக் படிக்கும், எழுதாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்தால் மூன்றிலும் எழுதலாம். ஃபார்மட் எல்லாவற்றையும் அழிக்கும் என்பதால் நகலெடுத்ததைத் திறந்து சரிபார்த்த பிறகே அதைத் தொடுங்கள்.

லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதக்கூடியதுதான். ஆனால் விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' போட்டு, அதாவது அடுத்த முறை வேகமாகத் தொடங்குவதற்காக முழுதாக மூடாமல், அணைந்திருந்தால், அல்லது டிரைவை முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியிருந்தால், லினக்ஸ் பாதுகாப்புக்காக ரீட்-ஒன்லியாக இணைக்கும். விண்டோஸில் மறுபடி செருகி, பிழை சரிபார்ப்பு ஓட்டி, 'இஜெக்ட்' கொடுத்து எடுங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடலாம்.

எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும். அது கீழிறங்கியிருந்தால் மேலே தள்ளுங்கள். மூன்று கணினியிலும் ரீட்-ஒன்லி, ஃபார்மட்டும் ஆகவில்லை என்றால் டிரைவின் நினைவுச் சில்லு ஆயுள் முடிந்து தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். படிக்க முடிகிறபோதே எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, அதை ஓரங்கட்டுங்கள்.